காதில் தொடங்கும் பாட்டு

காகம் பாட்டுப் பறவை. குயில் பாட்டுப் பறவை அல்ல.

காரைக்குடியில் எந்த டீக்கடையில் இதைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பறவையியலார் வகுத்திருக்கும் வம்சாவளியில் நிலவரம் இதுதான். இன்று உலகில் இருக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் ஏறக்குறையப் பாதி, பாட்டுப் பறவைகள் என்ற ஒரே கிளையைச் சேர்ந்தவை. சிட்டுக்குருவி, மைனா, தேன்சிட்டு, தையல்சிட்டு, தூக்கணாங்குருவி, கரிச்சான் எல்லாம் அதில் அடக்கம், காகமும் அடக்கம். குயிலும் மயிலும் புறாவும் சேவலும் அந்தக் கிளைக்கு வெளியே நிற்கின்றன. குரல் இனிமையைப் பார்த்துப் பிரித்த பிரிவு அல்ல இது. குரல் எழுப்பும் உறுப்பின் அமைப்பையும் மூதாதையரையும் பார்த்துப் பிரித்தது. இந்தக் கிளையில் பிறந்த பறவைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவை தங்கள் பாட்டைப் பிறரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன.

குயில் கற்பதில்லை. அதற்குச் சான்று நம் தெரு வேம்பிலேயே இருக்கிறது. பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. குஞ்சு கண் திறந்தது முதல் பறக்கும்வரை அதற்கு இரை ஊட்டுவது காகம். அது நாள் முழுவதும் பக்கத்தில் கேட்பதும் காகத்தின் குரல். கற்கும் பறவையாக இருந்தால் அது கரைந்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகு அதன் தொண்டையிலிருந்து வருவதோ குயிலின் கூவல்தான். பாட்டு அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அக்காக்குயிலும் சுடலைக் குயிலும் தவிட்டுக்குருவிகளின் கூட்டில் வளர்ந்து, தவிட்டுக்குருவிகளின் சளசளப்பில் ஓர் எழுத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியேறுகின்றன.

சேவலும் இப்படித்தான். மசாகாசு கோனிஷி என்ற ஆய்வாளர் 1963-இல் காது கேளாத கோழிகளைக் கவனித்து, அவையும் வழக்கமான குரல்களையே எழுப்புவதைக் காட்டினார். 1988-இல் வெளியான இன்னொரு ஆய்வு விசித்திரமானது. கோழிக் கருவின் மூளையில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காடைக் கருவின் அதே பகுதியைப் பொருத்தினார்கள். பிறந்த கோழிக்குஞ்சு காடையின் தாளத்தில் கூவியது. குரல் கேட்டுப் பழகியதால் வந்ததல்ல, மூளையின் அமைப்பால் வந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போய்விட்டு, அங்கே பறவைகளின் பாட்டே கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அங்கே வருகின்றவை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா போன்ற நீர்ப்பறவைகள். வளர்ந்த நத்தைகுத்தி நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; அலகைத் தட்டி ஓசை எழுப்பும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் காப்பாற்றுவது பாட்டை அல்ல, அமைதியை. பாட்டு கேட்க வேண்டுமென்றால் கண்மாய்க்குள் பார்க்காமல் அதன் கரையிலிருக்கும் முட்புதரைப் பார்க்க வேண்டும்.

கற்பது, கற்காதது என்ற பிரிவு பாட்டுப் பறவைக்குள்ளேயும் இருக்கிறது. கூட்டில் வாய் பிளந்து இரை கேட்கும் சத்தமும், பூனையைக் கண்டால் எழுப்பும் எச்சரிக்கைக் குரலும் பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை. கற்றுக்கொள்வது பாட்டை: நீளமான, ஒழுங்கு கொண்ட, ‘இது என் இடம்’ என்று மற்ற ஆணுக்கும், ‘இங்கே இருக்கிறேன்’ என்று பெண்ணுக்கும் அறிவிக்கிற அந்தக் குரலை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருக்கும் குண்டுகரிச்சானைப் பார்த்தவர்களுக்கு, அந்த இடப்பற்று எவ்வளவு கடுமையானது என்று தெரியும்.

அந்தக் குண்டுகரிச்சானையே எடுத்துக்கொள்வோம். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கி நிற்கும் பறவை. வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள். மரப்பொந்திலும் சுவரின் ஓட்டையிலும் கூடு வைக்கும். செட்டிநாட்டின் பழைய மதில்களில் ஓட்டைக்குப் பஞ்சமில்லை. குஞ்சு பொரித்து வெளியே வரும் காலத்தில் அப்பன் விடியற்காலையில் கூரை முகட்டில் நின்று பாடுகிறது. குஞ்சு பாடுவதில்லை. பதில் குரல்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் பாட்டுக் கற்றலில் பாதி வேலை அப்போதே நடந்துகொண்டிருக்கிறது. குஞ்சு கேட்டுக்கொண்டிருக்கிறது.

வெறுமனே கேட்பதுதான் முதல் பாடம் என்று நிரூபித்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் தோர்ப். 1950-களில் அவர் சாஃபின்ச் என்ற ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைத் தந்தையின் குரல் எட்டாத இடத்தில் தனியாக வளர்த்தார். ஒலியைப் படமாக வரையும் கருவி ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாகியிருந்தது. காதுக்குப் பிடிபடாத நுணுக்கத்தை அதன் உதவியால் கண்ணால் பார்க்க முடிந்தது. தனியாக வளர்ந்த குஞ்சுகள் பாடத்தான் செய்தன. பாட்டின் நீளம் ஏறக்குறைய சரி. ஆனால் உள்ளே சரக்கில்லை. சாஃபின்ச் பாட்டுக்கே உரிய பிரிவுகளும் கடைசியில் வரும் சுழிப்பும் இல்லை. ஆக, குஞ்சு வெறுங்கையோடு பிறக்கவில்லை. முழுப் பாட்டோடும் பிறக்கவில்லை.

அமெரிக்காவில் பீட்டர் மார்லர் இதை மேலே கொண்டுபோனார். அவர் எடுத்துக்கொண்டது தலையில் வெள்ளைப் பட்டை கொண்ட ஒரு சிட்டு. குஞ்சுகளைத் தனியாக வைத்து, ஒலிநாடாவில் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். பிறந்து ஏறக்குறைய 10-ஆம் நாள் முதல் 50-ஆம் நாள் வரைக்குள் கேட்ட பாட்டைக் குஞ்சு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் ஏறவில்லை. தன் இனத்துப் பாட்டையும் வேறொரு சிட்டின் பாட்டையும் சேர்த்துப் போட்டால், குஞ்சு தன் இனத்துப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு பாட்டையும் கேட்டிராத குஞ்சுக்கு எது தன்னுடையது என்று எப்படித் தெரிந்தது? மூளையில் பாட்டின் வரைச்சட்டம் ஒன்று பிறக்கும்போதே இருக்கிறது என்பது மார்லரின் பதில்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முதலில் கண்ணாடித் தகடு. அதன் மேல் பூ வடிவ உலோக அச்சு. எந்தக் கட்டத்தில் நிறம் விழ வேண்டும் என்பதை அச்சு தீர்மானித்துவிடுகிறது. எந்த நிறம் என்பதை அச்சு சொல்வதில்லை. அது ஊற்றுகிறவர் கையில் இருக்கிறது. குஞ்சின் பிறவி வரைச்சட்டம் அந்த அச்சு; அப்பன் பாட்டு அந்த நிறக்குழம்பு. குழம்பு இறுகிய பிறகு நிறத்தை மாற்ற முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியிடம் இந்த ஒலிநாடா சோதனையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ரேடியோவைக் கேட்டே பாட்டுப் படித்தவர் யாராவது உண்டா தம்பி? வாத்தியார் எதிரில் உட்கார வேண்டாமா?” என்றார். “அதையும் ஒருவர் கேட்டுவிட்டார் ஆச்சி” என்றேன். மார்லரின் முடிவுக்கு எதிராக 1984-இல் இதே ஆட்சேபத்தை எழுப்பியவர்கள் லூயிஸ் பாப்டிஸ்டாவும் லூயிஸ் பெட்ரினோவிச்சும். ஒலிநாடாவுக்குப் பதிலாக உயிருள்ள பறவையைக் குஞ்சின் கண்ணெதிரே பக்கத்துக் கூண்டில் வைத்தார்கள். 50 நாள் என்ற எல்லை தளர்ந்துபோனது. அதற்குப் பிறகும் குஞ்சுகள் கற்றன. இன எல்லையும் தளர்ந்தது. அவர்கள் வைத்த வாத்தியார்களில் ஒன்று நம் நாட்டு வயல்களில் திரியும் சிவப்புச் சில்லை. அமெரிக்கச் சிட்டு அதன் பாட்டைக் கற்றுக்கொண்டது. பேச்சு, பார்வை, உறவு எல்லாம் சேர்ந்தால் கதவு கொஞ்சம் அதிகமாகத் திறக்கிறது. ஆச்சி கேட்டது தவறாகவே இல்லை.

கேட்டதைக் குஞ்சு உடனே பாடிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய வியப்பு. மார்லரின் சிட்டு, 50 நாளுக்குள் கேட்டதை மாதக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்து, அதன் பிறகுதான் பாடத் தொடங்குகிறது. இடையில் ஒருமுறைகூட ஒத்திகை கிடையாது. மனப்பாடம் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் பல மாதம் இருக்கும் மாணவனை எந்த வாத்தியார் நம்புவார்?

சில இனங்களில் கேட்கும் காலமும் பாடிப் பழகும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஜீப்ரா ஃபின்ச் அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியாவையும் திமோர் தீவையும் சேர்ந்த சிறு பறவை. நம் ஊர்ச் செல்லப்பறவைக் கடைகளிலும் கிடைக்கும். ஆரஞ்சு அலகு, கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு. அதன் குஞ்சு ஏறக்குறைய 25-ஆம் நாள் முதல் 65-ஆம் நாள் வரை தந்தையின் பாட்டை உள்வாங்குகிறது. 35-ஆம் நாள் வாக்கில் வாய் திறக்கிறது. 90-ஆம் நாளுக்குள் பாட்டு இறுகிவிடுகிறது. மூன்றே மாதத்தில் முழுக் கதையும் கண் முன்னால் நடந்து முடிந்துவிடுவதால்தான் ஆய்வாளர்களுக்கு இதன்மேல் இத்தனை ஆசை.

அது முதலில் வாய் திறக்கும்போது வருவதைப் பாட்டு என்று சொல்ல மனம் வராது. மெல்லிய முணுமுணுப்பு. ஒழுங்கில்லை, தாளமில்லை. ஒலிகள் உடைந்தும் நீண்டும் குழம்பியும் வரும். அலகு பாதி மூடியிருக்கும். சில நேரம் கண்ணும் பாதி மூடியிருக்கும். யாரை நோக்கியும் பாடுவதில்லை. மனிதக் குழந்தை ‘பபபா, தததா’ என்று உளறும் பருவத்தோடு ஆய்வாளர்கள் இதை ஒப்பிடுகிறார்கள். சார்ல்ஸ் டார்வினே 1871-இல் இந்த ஒற்றுமையை எழுதிவைத்தார். காது கேளாத குழந்தைகளின் மழலை திசைமாறிப் போவது, சிறு வயதுக்குப் பின் புது மொழியின் உச்சரிப்பு முழுதாகப் படியாமல் போவது என்று ஒற்றுமைகள் நீள்கின்றன. குரங்குகளிடம் இந்தத் திறன் மிகக் குறைவு. கேட்டுக் குரலைக் கற்கும் திறன் நம்மை விட்டால் பாட்டுப் பறவை, கிளி, தேன் குடிக்கும் அமெரிக்க ரீங்காரச் சிட்டு, திமிங்கிலம், டால்பின், சில வௌவால்கள், கடல்நாய், யானை என்று சிதறிக்கிடக்கிறது.

முணுமுணுப்பு சில வாரங்களில் உருமாறுகிறது. அப்பன் பாட்டின் துண்டுகள் தலைகாட்டத் தொடங்கும். ஒரு துண்டு சரியாக வரும், அடுத்த முறை கோணலாக வரும். வரிசை மாறும். சில இனங்களில் தேவைக்கு மேல் பல பாட்டுகளைப் பழகி, பக்கத்து ஆணோடு மோதிப் பார்த்து, எடுபடுவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். பிறகு ஒருநாள் தடுமாற்றம் நின்று, பாட்டு ஒவ்வொரு முறையும் ஒரே அச்சாக வரத் தொடங்குகிறது.

இந்த இடைக்காலத்தில் குஞ்சுக்கு வாத்தியார் யார்? அப்பன் இல்லை. அவர் எப்போதோ பாடி முடித்துவிட்டார். குஞ்சின் காதுதான் வாத்தியார். 1965-இல் கோனிஷி செய்த சோதனை இதைக் காட்டியது. படிக்கச் சங்கடமான சோதனை. ஆனால் அதன் விடையைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளை விளக்க முடியாது. மார்லரின் சிட்டு தந்தை பாட்டைக் கேட்டு முடித்த பிறகு, பாடத் தொடங்கும் முன் அதன் செவியை நீக்கினார். நினைவில் பாட்டு இருக்கிறது, தொண்டையும் நலமாக இருக்கிறது. ஆனாலும் வந்தது கரகரப்பான, உருவமற்ற ஒலி. பிறர் பாட்டையே கேட்காமல் தனியாக வளர்ந்த குஞ்சின் பாட்டைவிட மோசம். தன் குரலைத் தானே கேட்டு, நெஞ்சிலுள்ள பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லை. பாட்டு இறுகிய வளர்ந்த பறவைக்கு அதையே செய்தபோது, அந்த இனத்தில் பாட்டு பெரும்பாலும் அப்படியே நின்றது.

தொண்டை என்று சொல்லிவிட்டேன். பறவைக்குக் குரல் பிறப்பது தொண்டையில் அல்ல. நெஞ்சுக்குள் ஆழத்தில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில் அதன் குரல் உறுப்பு இருக்கிறது. இடமும் வலமும் தனித்தனியாக இயங்கும். ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும் பறவைகள் இருப்பது அதனால்தான்.

மூளைக்கு வருவோம். இங்கே கதை மிகவும் சுவையாகிறது. 1976-இல் ஃபெர்னாண்டோ நொட்டபோம் குழுவினர் கேனரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கென்றே தனி மையங்கள் இருப்பதைக் கண்டார்கள். பாடும் ஆணில் பெரிதாகவும் பெண்ணில் சிறிதாகவும் அவை இருந்தன. மூளையின் அமைப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வெளிப்படையான வேறுபாடு இருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. அந்த மையங்களில் முதன்மையானது பாட்டின் நேரக்கணக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. 2008-இல் மைக்கேல் லாங், மிஷேல் ஃபீ இருவரும் அந்த மையத்தை மட்டும் சற்றே குளிரச் செய்தார்கள். ஜீப்ரா ஃபின்ச்சின் முழுப் பாட்டும் ஒழுங்கு குலையாமல் மெதுவாகிப் போனது.

இன்னொரு மையம் இருக்கிறது. வளர்ந்த பறவையில் அதைச் சிதைத்தாலும் பாட்டுக்கு உடனே ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பழகிக்கொண்டிருக்கும் குஞ்சில் சிதைத்தால் கற்றலே நின்றுவிடுகிறது. அரைகுறைப் பாட்டு அப்படியே உறைந்துபோகிறது. 1984-இல் சாரா பாட்ஜர் குழுவினர் இதைக் கண்டபோது புதிராகத்தான் இருந்தது. 2005-இல் விடை தெளிந்தது. அந்த மையத்தை மருந்தால் கொஞ்ச நேரம் முடக்கினார்கள். தடுமாறிக்கொண்டிருந்த குஞ்சின் பாட்டு சட்டென்று ஒரே மாதிரி வரத் தொடங்கியது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் தடுமாற்றம் திரும்பியது. அதாவது, குஞ்சின் தடுமாற்றம் திறமைக் குறைவால் வருவதல்ல. பாட்டை வேண்டுமென்றே குலைத்துக் குலைத்துப் பார்ப்பதற்கென்று மூளையில் ஓர் இடம் வேலை செய்கிறது. பிழை வந்தால்தான் எது நன்றாக வந்தது என்று தேர்ந்தெடுக்க முடியும். பள்ளிக்கூடத்தில் பிழைக்குப் பிரம்படி வாங்கியவர்கள் இந்த ஒரு செய்தியையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

தேர்ந்தெடுப்பது எப்படி? விக்ரம் கடாக்கர் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு 2016-இல் காட்டிய முடிவு அதற்கு ஓரளவு விடை தருகிறது. ஜீப்ரா ஃபின்ச் பாடும்போது, ஒரு குறிப்பிட்ட துண்டின் மேல் அவ்வப்போது இரைச்சலைக் கலந்தார்கள். தன் பாட்டு பிசகிவிட்டதாகப் பறவை உணர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணத்தில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு குறைந்தது. பிசகும் என்று எதிர்பார்த்த இடம் பிசகாமல் வந்தபோது துடிப்பு கூடியது. இரையோ தண்ணீரோ பரிசாகக் கிடைக்கும்போது விலங்குகளின் மூளை காட்டும் குறிப்புதான் இது. குஞ்சுக்கு யாரும் இனிப்பு தருவதில்லை. நன்றாகப் பாடியதே இனிப்பு.

உறக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பகலில் பாடும்போது மூளையணுக்கள் எந்த வரிசையில் துடித்தனவோ, இரவில் உறங்கும்போதும் அதே வரிசை மீண்டும் எழுவதை 2000-ஆம் ஆண்டில் அமிஷ் டேவ், டேனியல் மார்கோலியாஷ் இருவரும் பதிவு செய்தார்கள். உறங்கி எழுந்தால் பாட்டு மெருகேறி இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 2005-இல் வந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. பழகும் குஞ்சின் பாட்டு காலையில் எழுந்ததும் முந்தைய மாலையைவிட மோசமாக இருக்கிறது; சில மணி நேரம் பாடிய பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதைவிட வேடிக்கை, காலையில் அதிகமாகக் குலைந்து போன குஞ்சுகள்தான் கடைசியில் அப்பன் பாட்டை மற்றவற்றைவிட நெருக்கமாகப் பிடித்தன.

இறுகிப்போவது எல்லா இனத்துக்கும் பொது விதி அல்ல. கேனரி பருவந்தோறும் பாட்டை மாற்றிக்கொள்ளும். வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதை 1980-களில் கண்டபோதுதான், வளர்ந்த மூளையில் புதிதாக அணு பிறக்காது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. மைனாவும் துடுப்புவால் கரிச்சானும் பிற குரல்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

பெங்காலி ஃபின்ச் என்ற கூண்டுப் பறவையின் கதை தனி. பெயரில் வங்காளம் இருந்தாலும் அது சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், அங்கே ஏறக்குறைய 250 ஆண்டுகளாகக் கூண்டில் வளர்க்கப்பட்டது. அதன் காட்டு முன்னோர் நம் நாட்டிலும் இருக்கிற வெண்முதுகுச் சில்லையின் இனம். காட்டுச் சில்லையின் பாட்டு எளிமையாகவும் ஒரே வரிசையாகவும் இருக்கிறது. கூண்டில் வளர்ந்த வம்சத்தின் பாட்டோ பல கிளை பிரிந்து பின்னலாகிவிட்டது. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கசுவோ ஒகனோயாவின் கருத்துப்படி, எதிரி பயமும் இன அடையாளத்தைக் காக்கும் கட்டாயமும் கூண்டில் தளர்ந்ததால் பாட்டு இப்படி விரிந்தது. வளர்த்தவர்கள் தேர்ந்தெடுத்தது வெள்ளை இறகையும் குஞ்சு வளர்க்கும் குணத்தையும்தான், பாட்டை அல்ல.

கேட்டுக் கற்பதால் ஊருக்கு ஊர் வழக்கு பிறப்பதும் இயல்புதானே. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி, சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே இனத்துச் சிட்டுகள் வெவ்வேறு வழக்கில் பாடுவதை மார்லரும் மிவாகோ டமுராவும் 1960-களில் பதிவு செய்தார்கள். 2020-இல் ஊரடங்கால் அந்த நகரத்தில் வாகன இரைச்சல் அடங்கியபோது அதே சிட்டுகள் குரலைத் தாழ்த்தி, இன்னும் விரிவான சுருதியில் பாடியதும் பதிவாகியிருக்கிறது.

வழக்கே இல்லாமல் தொடங்கினால் என்ன ஆகும்? ஓல்கா ஃபெஹேர், பார்த்தா மித்ரா உள்ளிட்ட குழுவினர் 2009-இல் இதற்கு விடை கண்டார்கள். பாட்டே கேட்காமல் வளர்ந்த ஜீப்ரா ஃபின்ச்சை வாத்தியாராக வைத்து அதன் கோணல் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். குஞ்சு அதைக் கற்றது, ஆனால் அப்படியே அல்ல, கொஞ்சம் சீராக்கிக்கொண்டது. அந்தக் குஞ்சு அடுத்ததற்கு வாத்தியார். மூன்று நான்கு தலைமுறைக்குள் பாட்டு காட்டுப் பறவையின் பாட்டை நெருங்கிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காத பாட்டை ஒரு பரம்பரை மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டது.

எப்போதும் இப்படி மீள்வதில்லை. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேனுண்ணி என்ற பறவை சில நூறாகக் குறைந்துவிட்டது. பாடிக் காட்டப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாததால் சில இளம் ஆண்கள் வேறு இனங்களின் பாட்டைப் பாடித் திரிவதை 2021-இல் ராஸ் கிரேட்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். அந்த ஆண்களுக்கு இணை கிடைப்பதும் குறைவாக இருந்தது. ஒரு பறவை அழியும் முன்பே அதன் பாட்டு அழியத் தொடங்குகிறது.

இத்தனை நேரமும் ஆண், அப்பன் என்றே எழுதிவிட்டேன். ஆய்வுகள் நெடுங்காலம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்ததன் விளைவு அது. அங்கே பாடுவது பெரும்பாலும் ஆண். 2014-இல் கரன் ஓடம் குழுவினர் உலகெங்குமுள்ள 323 பாட்டுப் பறவை இனங்களைப் பார்த்ததில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுவதாகத் தெரிந்தது. வெப்ப நாடுகளில் அது சாதாரணம். தாய் கற்றுக்கொடுப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபேரி ரென் என்ற சிறு குருவியில் தாய் அடைகாக்கும்போதே முட்டையை நோக்கி ஒரு குரல் எழுப்புகிறது. பொரித்த குஞ்சு இரை கேட்கும் குரலில் அதன் ஒரு கூறு இருக்கிறது. குரல் ஒத்துவராத குஞ்சு கூட்டில் இருந்தால் அது குயிலின் பிள்ளையாக இருக்கலாம் என்று பெற்றோர் உணர அது உதவுகிறது. நம் காகத்துக்கு இந்த வித்தை தெரியவில்லை.

செட்டிநாட்டில் இதைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் விடியும் முன் எழுந்தால் குண்டுகரிச்சான் முழுப் பாட்டையும் கேட்கலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகம் நல்ல இடம்; எந்த ஊரின் ஊருணிக் கரையும் நல்ல இடம்தான். செம்மண் பொட்டலிலும் முந்திரித் தோப்பு ஓரங்களிலும் புதர்ச்சிட்டும் கருஞ்சிட்டும் தென்படும். ஆனால் கற்கும் குஞ்சைக் கேட்க முழுப் பாட்டின் காலம் பயன்படாது. கூடு கலைந்து சில வாரம் கழித்து, பெரியவர்களின் பாட்டு ஓய்ந்த பிறகு, நண்பகலில் நிழலான புதருக்குள் மெதுவாக முணுமுணுக்கும் சத்தத்தைத் தேட வேண்டும். குண்டுகரிச்சான் குஞ்சை மார்பில் உள்ள பழுப்புச் செதில் புள்ளிகளால் அடையாளம் காணலாம். இந்த முணுமுணுப்பு நாலைந்து அடி தாண்டினால் கேட்காது. அதனால்தான் ஊரில் பலர் வாழ்நாளெல்லாம் குருவிகளோடு இருந்தும் இதைக் கேட்டதில்லை. கைபேசியில் பதிவு செய்து, ஒலியைப் படமாக வரையும் மெர்லின் போன்ற செயலியில் பார்த்தால், ஒரே துண்டு ஒவ்வொரு முறையும் வேறு கோணலில் வருவது திரையில் தெரியும். வாரம் ஒருமுறை அதே புதரில் பதிவு செய்து வந்தால் கோணல் குறைவதும் தெரியும்.

கூட்டைத் தொடவோ, குஞ்சைப் பிடித்து வீட்டில் வளர்க்கவோ வேண்டாம். நாட்டுப் பறவைகளைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பதிவுசெய்த பாட்டைப் புதருக்குப் பக்கத்தில் சத்தமாக ஒலிக்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அப்பன் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு நிற்கும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சானின் குரலை நம்பிப் பதிவு செய்துவிடாதீர்கள். அது வல்லூறின் குரலில் கத்தும். மேலே வல்லூறு இருக்காது.